கதைக்கு ஒட்டிய சீட்டு



ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்களுக்கு இந்தக் காட்சி நன்கு தெரியும். விடியற்காலையில் பால்மரம் வெட்டுபவர் ஒருவர். பாலை உறையவைத்து, ஷீட்டாக்கி, புகை போடுபவர் வேறொருவர். கடைசியில் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிப்பவர் இன்னொருவர். மரம் வெட்டியவரை யாரும் கேட்பதில்லை. இலக்கியத்திலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

இன்று நாம் அறிவியல் கதைகளைப் பற்றிப் பேசப்போகிறோம். விண்வெளிப் பயணம், இயந்திர மனிதன் என்று நம் பிள்ளைகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்து படிக்கின்ற கதைகள்தாம். அட்டையைப் பார்த்தவுடனே, "இதையெல்லாம் வைத்துவிட்டுப் பாடத்தைப் படி" என்று நாம் அதட்டுவதும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோமா? இல்லை. சீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கதைகளுக்கென்றே தனியாக 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் ஏட்டை 1926ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கியவர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக். வானொலிக் கருவிகளை விற்றவர் அவர். ஆகவே எங்களுக்கும் ஒரு வகையில் உறவினர்தாம்! அவர் முதலில் சூட்டிய பெயர் 'சயன்டிஃபிக்‌ஷன்'. வாயில் நுழையாத அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1929இல் அந்த ஏடு அவர் கையைவிட்டுப் போயிற்று. புதிய ஏட்டில் 'சயன்ஸ் ஃபிக்‌ஷன்' என்று எழுதினார். அதுவே ஒட்டிக்கொண்டது.

அடுத்து வந்தது 'புது அலை'. 1964இல் இலண்டனில் 'நியூ வேர்ல்ட்ஸ்' என்னும் ஏட்டுக்கு மைக்கேல் மூர்காக் ஆசிரியரானபோது அவருக்கு வயது 24. ராக்கெட்டும் கோள்களும் போதும், மனிதனுடைய மனத்துக்குள் இருக்கும் வெளியைப் பாருங்கள் என்ற கருத்தை அதே ஏட்டில் 1962லேயே எழுதியிருந்தவர் ஜே. ஜி. பாலர்ட். ஷாங்காயில் பிறந்து, சிறுவனாக ஜப்பானியர் காவல் முகாமில் பெற்றோருடன் அடைபட்டிருந்தவர் அவர். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்களுக்கு, வெள்ளத்தில் மூழ்கிய நகரங்களையும் கைவிடப்பட்ட வீடுகளையும் அவர் ஏன் எழுதினார் என்று விளக்க வேண்டியதில்லை. 'புது அலை' என்ற சொல்லோ பிரெஞ்சுத் திரைப்படங்களிலிருந்து இரவல் வாங்கியது. அந்தச் சீட்டைப் பார்த்தால் அலை தெரியும். முகாமிலிருந்த சிறுவன் தெரியமாட்டான்.

இனி, 'சைபர்பங்க்'. இதன் கதைதான் மிகவும் சுவையானது. கணினியைத் தவறாகப் பயன்படுத்தும் இளவட்டங்களைப் பற்றி புரூஸ் பெத்கி என்னும் அமெரிக்கர் ஒரு சிறுகதை எழுதினார். அதற்கு ஒரு தலைப்பு வேண்டும். கணினித் துறையிலிருந்து 'சைபர்', அடங்காத இளைஞர்களைக் குறிக்கும் 'பங்க்', இரண்டையும் சேர்த்தார். கதை 1983இல் அச்சானது. மறு ஆண்டே வில்லியம் கிப்சன் எழுதிய 'நியூரோமான்சர்' நாவல் வெளிவந்தது. கணினி உலகைக் காட்டிய அந்த நாவலை அவர் சாதாரணத் தட்டச்சுப் பொறியில்தான் எழுதினார்! அந்த ஆண்டு டிசம்பரில் கார்ட்னர் டோசுவா என்னும் பதிப்பாசிரியர் ஒரு நாளேட்டில் எழுதியபோது, கிப்சனையும் அவரைப் போன்றவர்களையும் 'சைபர்பங்க்' என்றார். பெயர் உண்டாக்கியவர் ஒருவர். புகழ் சேர்ந்தது வேறொருவருக்கு. கிப்சனுக்கு அந்தப் பெயர் உவப்பாகவும் இல்லை.

இதில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அக்குழுவின் முன்னோடியான புரூஸ் ஸ்டெர்லிங், எழுபதுகளின் பிற்பகுதியில் அறிவியல் கதை தேங்கிக் கிடந்தது என்ற பொருள்பட எழுதினார். தேங்கியா கிடந்தது? அர்சுலா லெ குவினும் ஜோஆனா ரஸ்ஸும் எழுதிக்கொண்டிருந்த பத்தாண்டு அல்லவா அது! ஆணென்றும் பெண்ணென்றும் நிலையான பிரிவில்லாத மக்களைப் பற்றி லெ குவின் 1969இலேயே நாவல் எழுதிவிட்டார். ஸ்டெர்லிங் 1986இல் தொகுத்த 'மிர்ரர்ஷேட்ஸ்' என்னும் நூலில் இடம்பெற்ற பெண்ணோ பேட் காடிகன் ஒருவர்தாம். புதுச் சீட்டை ஒட்டுவதற்காகப் பழைய சீட்டைக் கிழிக்கும்போது, அதனடியில் இருந்தவர்களும் மறைந்துபோகிறார்கள்.

அதே எழுபதுகளில் ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற பெயரில் அருமையான கதைகள் வந்துகொண்டிருந்தன. எழுதியவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. இந்த எழுத்தில் ஆண்மை தெரிகிறது, இதைப் பெண் எழுதியிருக்க முடியாது என்ற கருத்தை 1975இல் ஒரு முன்னுரையிலேயே எழுதினார் ராபர்ட் சில்வர்பெர்க் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர். இரண்டாண்டுக்குள் உண்மை வெளிப்பட்டது. டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற, அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. சில்வர்பெர்க் தம் தவற்றை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பெயர் அம்மையாருக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? 1967இல் கடைக்குச் சாமான் வாங்கப் போனபோது, அலமாரியில் இருந்த மார்மலேட் பாட்டிலின் சீட்டில்.