அண்ணாவின் மடல்கள்: பதவியும் உள்ளமும்

(சின்ன காஞ்சிபுரத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வரதராசப் பெருமாள் கோயில் மதிலும் பட்டுத்தறி ஓசையும் சூழ்ந்த இக் காஞ்சியில், நெசவாளர் குடியொன்றில், 15-9-1909 அன்று பிறந்தவர் அறிஞர் அண்ணா. அவர்தம் மேடைப்பேச்சை நாடறியும். மடல்களை முழுமையாய்ப் படித்தோர் அத்துணைப் பேரல்லர். மடல்வரிகளை மட்டும் அறிந்தோரே மிகப் பலர்.

1942-இல் இங்குத் தொடங்கப்பெற்ற 'திராவிட நாடு' கிழமையிதழில், 1955 முதல் 'தம்பிக்கு' என அவர் எழுதலானார். பின்னர்க் 'காஞ்சி' இதழில் தொடர்ந்தார். மடல் என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்கக் கடிதம் என்பானேன் என்று கேட்கும் உரிமை தனித்தமிழன்பர்க்கு உண்டு. வடசொற்களும் அந்நடையில் விரவிக் கிடக்கின்றன. ஆயினும், தேர்தலையும் வரியையும் தில்லியின் போக்கையும், தறிக்குழியில் கால்விட்டு அமர்ந்த நெசவாளியும் தன் தமையன் சொல்லக் கேட்பதுபோற் கேட்கச் செய்தவை அம் மடல்களே. தலைவன் கட்டளையிட்டாற் கசக்கும். அண்ணன் கடிந்துரைத்தாற் பொறுக்கும். 1962-இல் கட்சி ஐம்பது இடங்களை வென்றபோது, அவரே இக் காஞ்சித் தொகுதியில் தோற்றார். மறு ஆண்டு நாட்டுப் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார். பல்லாண்டு மடல்வழி வளர்ந்த அவ் வுடன்பிறப்புணர்வு இல்லாதிருப்பின், தொண்டர்கள் அதனைத் தாங்கியிருப்பரா?

அமெரிக்க நாட்டு ஆபிரகாம் இலிங்கனின் மடலொன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நியூயார்க்கு நாளிதழாசிரியர் ஒராசு கிரீலி, அடிமைகளை விடுவிக்கத் தயங்குவதேன் என்று இதழிலேயே அவரைக் கடிந்தார். 22-8-1862 அன்று இலிங்கன் மறுமொழி விடுத்தார். நாட்டின் ஒருமையைக் காப்பதே தம் முதற்கடமை என்றார். அம் மடலின் முடிவிலேயே, அது பதவிக்கடமை பற்றிய கருத்து, மாந்தர் எவரும் எங்கும் விடுதலை பெறவேண்டும் என்பதே தம் சொந்த விருப்பம் என்றும் பிரித்துரைத்தார். விடுதலை அறிவிப்பின் வரைவையோ முந்தின திங்களே அமைச்சர்களிடம் படித்துக் காட்டியிருந்தார்! முற்பாதியை மட்டும் வெட்டியெடுத்து அவரைப் பழிப்போர் இன்றும் உளர்.

அண்ணாவுக்கும் அத்தகைய மடல் ஒன்று உண்டு. 1967-இல் முதலமைச்சரானார். 1968-இல் நியூயார்க்கில் அறுவை மருத்துவம் பெற்று மீண்டார். 1969 பொங்கலையொட்டி, 'ஓம் ரூல்' என்னும் ஆங்கிலக் கிழமையிதழில் அவர் மடல் வெளிவந்தது. அரசமைப்புச் சட்டம் தாளில் கூட்டாட்சி, நடைமுறையிலோ மையத்திலேயே மேன்மேலும் அதிகாரத்தைக் குவிப்பது. அதன்கீழ் முதலமைச்சராய் இருப்பதில் தமக்கு மகிழ்ச்சியில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். அதற்காகத் தில்லியோடு பூசலிட விழையவில்லை என்றும் உடனே சேர்த்தார். தம்பியர்க்கு ஆண்டுக்கணக்கில் தமிழில் எழுதிய கை, இதனை ஆங்கிலத்தில் எழுதியது. தில்லியும் படிக்க வேண்டுமன்றோ!

முன்வரியை ஒருசாரார் கொடியாக்குவர்; பின்வரியை மறுசாரார் கேடயமாக்குவர். இரண்டும் ஒரே மடலில், ஒரே கையால் எழுதப்பட்டவை. நாளும் இடமும் காட்டாது அவற்றை மேடையில் எடுத்தாள்வோரைத் தடுத்து, முழு மடலையும் படிக்குமாறு கேளுங்கள்.

18-7-1967-இல் சட்டமன்றம் தீர்மானித்த 'தமிழ்நாடு' என்னும் பெயர், அப் பொங்கலன்று, 14-1-1969-இல் நடைமுறைக்கு வந்தது. இருபது நாள் கழித்து, 3-2-1969 அன்று, மடல் வரைந்த கை ஓய்ந்தது.