மறைவிட உரோமமும் தோலின் நலமும்

கண்ணிலும் காதிலும் பல்லிலும் வரும் நோய்களை மக்கள் அயலவரிடத்துங் கூறிப் பரிகாரம் கேட்பர். உடலின் மறைவிடங்களில் வரும் நோயையோ மகள் தாயிடத்தும், கணவன் மனைவியிடத்தும் சொல்லத் தயங்குவர். நாணம் நற்பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், அறிய வேண்டியதை அறியவொட்டாது தடுக்கும் நாணம் நற்பண்பாகாது. இவ்வகைத் தயக்கத்தினால் பேசப்படாமற் போன பொருள்களுள் ஒன்று மறைவிட உரோமத்தை நீக்கும் முறையாகும். ஆடவரும் பெண்டிருமாகப் பலர் இதனைச் செய்கின்றனர். ஆனால், முறையாகக் கற்றுச் செய்வோர் மிகச் சிலரே. எரிவு, அரிப்பு, சிவந்த பருக்கள், சிலவேளைகளிற் சீழ்க்கட்டி ஆகியவை இதனால் வருகின்றன. வந்த பின்னரும் அவற்றை மறைத்து வைத்துத் துன்புறுவோர் பலர்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைதல் வேண்டும். மறைவிட உரோமம் அழுக்கின் அடையாளமன்று. பருவமெய்தும் காலத்தில் உடல் தானே வளர்த்துக்கொள்ளும் காப்பு அது. தொடைகள் உராயும்போதும் ஆடை உராயும்போதும் மென்மையான தோல் தேய்ந்து போகாமல் அது தடுக்கின்றது. நாள்தோறும் நீராடி, அவ்விடத்தை நீரினாற் கழுவி, ஈரம் போக ஒற்றுவோர்க்கு உரோமம் இருப்பதனால் நோய் வருவதில்லை. ஆகவே, அதனை நீக்குவதும் நீக்காது விடுவதும் அவரவர் விருப்பமும் வழக்கமுமேயன்றி, உடல்நலத்துக்கு இன்றியமையாத கடமையல்ல. இலங்கை போன்ற வெப்ப நாட்டில் வியர்வை மிகுதியாதலால், குறைத்துக்கொள்வது சிலருக்கு ஆறுதலாக இருக்கலாம். அவ்வளவே.

மழித்தால் உரோமம் தடித்தும் கறுத்தும் வளரும் என்பது மற்றொரு தப்பெண்ணம். மில்ட்ரெட் ட்ரொட்டர் என்னும் அமெரிக்க உடலமைப்பியல் அறிஞர் 1928ஆம் ஆண்டில் ஆடவரின் தாடி மயிரை ஆராய்ந்து, மழிப்பதனால் அதன் பருமனோ வளரும் வேகமோ நிறமோ மாறுவதில்லை என்று காட்டினார். மயிர் வளர்வது தோலுக்கடியிலுள்ள மயிர்க்காலிலிருந்து; கத்தி தொடுவதோ வெளியே நிற்கும் உயிரற்ற தண்டை. நுனி மழுங்கலாக வெட்டப்படுவதால் தொடுகையிற் கரடாகத் தோன்றுகின்றது, உண்மையில் தடிப்பதில்லை.

அப்படியாயின் எரிவும் பருவும் எதனால் உண்டாகின்றன? இரு காரணங்கள் உள. மறைவிட உரோமம் சுருண்டு வளரும் இயல்பினது. தோலை இழுத்துப் பிடித்து ஒட்ட மழிக்கும்போது மயிரின் நுனி ஊசிபோற் கூர்மையாகின்றது. தோலை விட்டதும் அந்நுனி தோல் மட்டத்துக்குக் கீழே சென்றுவிடுகின்றது. மீண்டும் வளரும்போது வெளியே வர வழியின்றி வளைந்து, தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றது. உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கின்றது. அதுவே சிவந்த பருவாகப் புடைக்கின்றது. இஃது ஒரு காரணம். மற்றது, சவர அலகு மயிரை மட்டும் வெட்டாமல், தோலின் மேற்படையையுஞ் சுரண்டுவது. கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு கீறல்களின் வழியாக, தோலின்மேல் எப்போதும் வாழும் கிருமிகள் உள்ளே புகுகின்றன. ஆதலால், எவ்வளவுக்கு ஒட்ட மழிக்கின்றோமோ அவ்வளவுக்குத் தூய்மை என்று பலர் நினைப்பது பிழை. ஒட்ட மழிக்குந்தோறும் தொல்லையே மிகும்.

இதற்கு வைத்தியசாலைகளின் அனுபவமே சான்றாகும். சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பிரசவத்துக்கு முன்னரும் நோயாளரின் உரோமத்தை மழித்துவிடுவது நெடுங்காலம் மாறாத விதியாக இருந்தது. மழித்தால் கிருமி குறையும் என்பதே அதன் நோக்கம். 1922ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியர் இருவர், பிரசவத்துக்கு முன் மழிப்பதனாற் பயனுண்டா என ஆராய்ந்து, பயன் காணவில்லை என்று எழுதினர். பின்னர், கனடாவின் கல்கரி நகரில் குரூஸ், ஃபூர்ட் என்னும் இருவர் ஐந்தாண்டுக் காலத்தில் 23,649 சத்திரசிகிச்சைப் புண்களைக் கவனித்து 1973ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கத்தியால் மழிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 2.3 பேருக்குப் புண்ணிற் கிருமி பற்றியது. கத்தரித்து மட்டும் விடப்பட்டோருள் அது நூற்றுக்கு 1.7. மழிக்கவுமின்றிக் கத்தரிக்கவுமின்றி விடப்பட்டோருள் நூற்றுக்கு 0.9 மட்டுமே. காக்கவென்று செய்த காரியமே கேட்டுக்கு வழி திறந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் உரோமத்தை நீக்காது விடுக. இன்றியமையாவிடிற் கத்தரிக்குங் கருவியால் மட்டுமே குறைக்க என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் விதித்தது. பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதையும் அந்நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வேண்டாமென்றது. பிரசவத்துக்காக வைத்தியசாலை செல்லும் பெண்கள் முதல்நாள் இரவு வீட்டில் அவசரமாக மழித்துக்கொண்டு செல்லத் தேவையில்லை என்பது இதனாற் பெறப்படும்.

தேர்ந்த அறிவைக் கையிற் கொண்ட வைத்தியசாலைகளே கைவிட்ட வழக்கத்தை வீடுகளில் மட்டும் கண்மூடிப் பின்பற்றுவது தகுமா? ஆகவே, உரோமத்தைக் குறைக்க விரும்புவோருக்கு முதன்மையான வழி கத்தரித்தலே. நுனி மழுங்கிய சிறு கத்தரிக்கோலாலேனும், மின்சாரக் கத்தரிக்குங் கருவியாலேனும், சில மில்லிமீற்றர் நீளம் நிற்கும்படி வெட்டிவிடலாம். தோலிற் கீறல் படுவது குறைவு. மயிர் உள்ளே வளைந்து நுழையவும் இடமில்லை. வியர்வை நாட்டிற் கிடைக்க வேண்டிய ஆறுதல் முழுவதும் இதனாலேயே கிடைக்கும்.

மழித்தே ஆகவேண்டும் என்போர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். முதலிற் கத்தரிக்கோலாற் குறுக வெட்டுக. இளஞ்சூடான நீரிற் குளித்து, மயிரும் தோலும் மென்மையான பின்னரே கத்தியை எடுக்க. மணமற்ற சவர நுரையைப் பூசிச் சில நிமிடம் விடுக. அலகு புதியதாகவும் கூரியதாகவும் இருத்தல் வேண்டும். மழுங்கிய அலகு இழுத்துச் சுரண்டும். மயிர் வளரும் திசையிலேயே, அழுத்தாமல், சிறு சிறு வீச்சாக மழிக்க. எதிர்த்திசையில் மழிப்பதும், ஓரிடத்திற் பன்முறை கத்தியை ஓட்டுவதும், தோலை இறுக இழுப்பதும் தவிர்க்கத் தக்கன. தோல் மடிப்புகளும் ஈரப்பசையுள்ள உட்புறங்களும் கத்திக்குரிய இடங்களல்ல. முடிந்ததும் குளிர்ந்த நீராற் கழுவி, துவாயினால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க. வாசனைப் பவுடர், ஓடிக்கொலோன், படிகாரம் ஆகியவற்றை அங்கே பூசலாகாது. ஓரிரு நாள் தளர்ந்த பருத்தி ஆடை அணிவது நன்று. முன்னைய சிவப்பு மாறுமுன் மீண்டும் மழிப்பது நெருப்பில் நெய்யூற்றுவது போலாகும்.

ஒருவர் பயன்படுத்திய அலகை இன்னொருவர் பயன்படுத்தலாகாது. கணவன் மனைவியாயினும் உடன்பிறந்தாராயினும் இவ்விதி பொதுவே. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியினாலும் ஈரலைத் தாக்கும் செங்கமாரி வகைகளின் கிருமிகள் பரவக் கூடும்.

மருந்துக்கடைகளில் விற்கும் உரோம நீக்கிப் பசைகள் மயிரின் புரதத்தைக் கரைத்து அதனை அறச் செய்வன. தோலும் அதே இனப் புரதத்தால் ஆனதாகையால், மிகுநேரம் விட்டால் தோலும் வேகும். முகத்துக்கும் காலுக்கும் உரிய பசையை மறைவிடத்திற் பூசலாகாது. மறைவிட விளிம்புக்குரியதென்று குறிப்பிட்ட பசையையும் முன்னாளே முழங்கையின் உட்புறத்திற் சிறிது பூசிப் பார்த்து, எரிவு காணாவிடின் மட்டுமே, குறித்த நேரத்துக்கு மேற்படாமற் பயன்படுத்துக. சூடான மெழுகினால் மயிரைப் பறிக்கும் முறையிற் சுடுபுண்ணும் தோலுரிவும் நேர்வதுண்டு. நீரிழிவு நோயாளர் அதனை விலக்குதல் நலம். பழங்காலத்தில் அரிதாரத்தையும் சுண்ணாம்பையுங் குழைத்துப் பூசும் வழக்கம் இருந்தது. அரிதாரம் ஆசனிக்கு என்னும் நஞ்சைக் கொண்டது. சுண்ணாம்பு தோலை அரிப்பது. எவர் கூறினும் அக்கலவையை நாடலாகாது.

இஸ்லாமிய மார்க்கத்தில் இவ்வுரோமத்தை நீக்குதல் தூய்மையின் பகுதியாக விதிக்கப்பட்டுள்ளது. நாற்பது நாளுக்கு மேல் விடலாகாது என்பதே அதன் எல்லை. நாள்தோறும் மழிக்க வேண்டுமென்று அவ்விதி கூறவில்லை. தோல் ஆறுவதற்கு வேண்டிய அவகாசம் அதனுள்ளேயே அமைந்திருப்பதைக் கடைப்பிடிப்போர் உணர்ந்துகொண்டால், வழக்கமும் காக்கப்படும், தோலும் காக்கப்படும்.

இவ்வளவு கவனித்தும் பருக்கள் தோன்றின், அவற்றை நகத்தாற் கிள்ளுவதும் ஊசியாற் குத்தி மயிரை எடுப்பதும் தீது. மழிப்பதை நிறுத்தி, இளஞ்சூடான நீரில் நனைத்த தூய துணியால் நாளுக்கு இருமுறை மூன்றுமுறை ஒத்தடமிட்டால், பெரும்பாலானவை தாமே ஆறும். ஆனால், கட்டி பருத்து வலித்தாலும், செம்மை பரவினாலும், காய்ச்சல் கண்டாலும், புண் ஆறாதிருந்தாலும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். நீரிழிவு நோயாளருக்கு இது இருமடங்கு பொருந்தும். அவர்களிடத்துச் சிறு புண் விரைவிற் பெருங்கேடாக மாறக்கூடும். கட்டியின் வலியைப் பொறுத்துப் பொறுத்து, ஈற்றிற் சத்திரசிகிச்சைக்குட்படும் நிலைக்கு வருவோர், முதல் வாரத்திலேயே வாய் திறந்திருந்தால் மருந்தோடு தப்பியிருப்பர்.

வைத்தியருக்கு உடலின் எப்பகுதியும் உடலே. ஆணிடம் சொல்லக் கூசும் பெண்கள் பெண் வைத்தியரையோ தாதியையோ, குடும்ப நல உத்தியோகத்தரையோ நாடலாம். பருவமெய்தும் பிள்ளைகளுக்குப் பூப்பைப் பற்றியும் குரல் மாற்றத்தைப் பற்றியும் சொல்லும் பெற்றோர், இதனையும் சேர்த்து இரண்டொரு வார்த்தை சொல்லி வைப்பது கடமையாகும். தாயும் தந்தையும் அமைதியாகச் சொல்லாததை, குளியலறையிற் கிடக்கும் பழைய அலகு புண்ணாக்கிச் சொல்லிக் கொடுக்கும்.