பள்ளிக்கூட வாசலில் துப்பாக்கி எதற்கு?

(ஆம்பூர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், "ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் ஆயுதம் தாங்கிய போலீசு வேண்டுமா?" என்பதாகும். இதை நம்மூரில் யார் கேட்டார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்பதற்குக் காரணமும் சொல்லுகிறார்கள்.

2014 டிசம்பர் 16ந் தேதி பாகிஸ்தானில் பெஷாவர் பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கொலைகாரர்கள் புகுந்து 130க்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் இந்திய சர்க்காரின் உள்துறை இலாகா, பள்ளிக்கூடப் பாதுகாப்பைப்பற்றி எல்லா மாநிலங்களுக்கும் யோசனைகள் அனுப்பிற்று. 2024 பிப்ரவரி 8ந் தேதி சென்னையில் பல பள்ளிக்கூடங்களுக்கு வெடிகுண்டு வைத்திருப்பதாக மின்னஞ்சல் வந்து, பெற்றோர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள்; சோதித்ததில் பொய் என்று தெரிந்தது. அதே வருஷம் நவம்பர் 20ந் தேதி தஞ்சை ஜில்லா மல்லிப்பட்டினத்தில், சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஓர் ஆசிரியை குத்திக் கொல்லப்பட்டார். அது பொய்யல்ல, மெய்.

இவைகளைக் கேட்டவுடன், "வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரனை நிறுத்திவிட்டால் எவன் உள்ளே வருவான்?" என்று சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்லும் தாய் தகப்பன்மார்களைப் பரிகாசம் செய்ய நான் வரவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிகிறபோது கையில் கிடைத்ததைப் பிடித்துக் கொள்ளத்தான் தோன்றும். ஆனால் தோழர்களே, பயம் உண்மையாயிருப்பதாலேயே பரிகாரமும் உண்மையாகிவிடாது. பேதி கண்ட பிள்ளைக்குத் தாயத்துக் கட்டுகிறார்கள். பேதி உண்மை, தாய் அழுவதும் உண்மை, தாயத்து மாத்திரம் பொய். இந்தத் துப்பாக்கியும் அப்படிப்பட்ட ஒரு தாயத்தா அல்லது உண்மையான மருந்தா என்பதைத்தான் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும். தாயத்து விற்கிறவன் சோதனைக்கு ஒப்பமாட்டான். நாம் ஒப்ப வேண்டும்.

இந்த மருந்தை நிறையச் சாப்பிட்டுப் பார்த்த தேசம் அமெரிக்கா. அங்கே டெக்சாஸ் மாநிலத்தில் யுவால்டி என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கென்றே தனிப் போலீசு இலாகா வைத்திருந்தார்கள். 2022 மே 24ந் தேதி 18 வயதுள்ள ஒருவன் துப்பாக்கியுடன் அங்குள்ள ஆரம்பப் பள்ளிக்குள் நுழைந்தான். செய்தி கேட்டு வந்து சேர்ந்த போலீசார் ஒருவர் இருவரல்ல, மொத்தம் 376 பேர். அந்த 376 பேரும் இருக்க, அவனைச் சுட்டு வீழ்த்துவதற்கு 77 நிமிஷம் ஆயிற்று. அதற்குள் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டு போனார்கள். 376 துப்பாக்கியால் காக்க முடியாததை, நம்மூர் வாசலில் நிற்கப் போகும் ஒரு துப்பாக்கி காத்துவிடும் என்று நம்பச் சொன்னால், அந்த நம்பிக்கைக்கு என்ன பெயர் வைப்பது?

அதற்கு முன்னே, 2018 பிப்ரவரி 14ந் தேதி புளோரிடாவில் பார்க்லண்டு என்ற ஊரில் 17 பேர் பள்ளிக்கூடத்தில் கொல்லப்பட்டார்கள். அங்கேயும் துப்பாக்கி வைத்திருந்த போலீசு அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் உள்ளே போகவில்லை. அவர்மீது வழக்குப் போட்டார்கள், 2023ல் விடுதலையானார். 1980 முதல் 2019 வரை அந்தத் தேசத்தில் நடந்த 133 பள்ளிக்கூடச் சம்பவங்களை எடுத்து ஆராய்ந்தவர்கள் 2021ல் வெளியிட்ட முடிவு என்ன? ஆயுதக் காவலர் இருந்ததனால் காயமும் சாவும் குறைந்ததாகக் காணோம் என்பதுதான். சாகத் துணிந்து வருகிறவனுக்குத் துப்பாக்கி பயமல்ல. அவன் முதல் குண்டை அந்தக் காவலாளி மீதே போட்டுவிட்டு உள்ளே போவான்.

பெஷாவரையும் பாருங்கள். அது பட்டாளத்தாரே நடத்திய பள்ளிக்கூடம். பட்டாளத்துப் பள்ளிக்கே அந்தக் கதி. பிறகு 2015ல் அந்த மாகாணத்து சர்க்கார், உபாத்தியாயர்களே துப்பாக்கி கொண்டுவரலாம் என்று உத்தரவு கொடுத்தது. பலன்? அதே வருஷம் ஸ்வாட் பிரதேசத்தில் ஓர் உபாத்தியாயரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஒரு மாணவன் செத்தான். எதிரியைக் கொல்ல வந்த குண்டுக்கு எதிரி யார், பிள்ளை யார் என்று தெரியாது.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் தமிழ்நாட்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் சேர்ந்து ஏறக்குறைய 31 ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு போலீசு என்றால் 31 ஆயிரம் பேர். அவருக்கு ஒருநாள் ஜுரம் வந்தால் மாற்று ஆள் வேண்டாமா? இரண்டு பேர் என்றால் 62 ஆயிரம். நம்முடைய மொத்தப் போலீசுப் படையே ஒன்றேகால் லட்சம் பேர் அளவுதான். ஆகப் பாதிப் போலீசு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருக்கும். இரண்டே உபாத்தியாயர்கள் ஐந்து வகுப்பையும் மேய்த்துக் கொண்டிருக்கிற பள்ளிக்கூடங்கள் எத்தனையோ இருக்கும் நாட்டில், மூன்றாவது சம்பளம் கொடுக்கப் பணமிருந்தால் அதை மூன்றாவது உபாத்தியாயருக்குக் கொடுப்பதா, துப்பாக்கிக்குக் கொடுப்பதா?

"சரி, வெளியாளுக்காக வேண்டாம், பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டன, அவைகளை அடக்கவாவது வேண்டாமா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போடுவதுபோல், பிள்ளையைப் பயத்தில் ஊறப் போட்டால் பதமாகிவிடும் என்பது இவர்கள் எண்ணம். தோல் செத்த மாட்டினுடையது, தோழர்களே! பிள்ளை உயிரோடிருக்கிறது.

இவர்களுக்கு நான் சட்டத்தையே காட்டுகிறேன். 1860ம் வருஷத்துப் பீனல் கோடு, 7 வயது நிறையாத குழந்தை எதைச் செய்தாலும் அது குற்றமாகாது என்று சொல்லிற்று. 2024 ஜூலை 1ந் தேதி அமுலுக்கு வந்த புதுச் சட்டமும் அதையே சொல்லுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை குற்றமே செய்ய முடியாதென்று சட்டம் சொல்லும்போது, அந்த வகுப்புக்கு முன் துப்பாக்கியை நிறுத்துவது யாரைப் பிடிக்க? அமெரிக்காவில் 2019ல் ஆர்லண்டோ ஊர்ப் பள்ளியில், 6 வயதுப் பெண் குழந்தை அடம்பிடித்தது என்பதற்காகப் பள்ளிக்கூடப் போலீஸ்காரர் அதன் கையைக் கட்டி வண்டியில் ஏற்றிப் போனார். அந்த அதிகாரியின் உத்தியோகம் பிறகு போயிற்று. குழந்தையின் மனத்தில் விழுந்த கட்டு எப்போது அவிழும்?

இன்னொன்று சொல்லுகிறேன். 2012ல் வந்த போக்சோ சட்டத்தின்படி, கெடுதல் செய்யப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கப் போகும் போலீசு அதிகாரி உடுப்பு அணிந்திருக்கக் கூடாது. 2015ம் வருஷத்துச் சிறார் சட்டத்தின் விதிகளிலும், குழந்தைகள் விவகாரத்தைக் கவனிக்கும் போலீசார் கூடியவரை சாதாரண உடையில்தான் இருக்க வேண்டும். குழந்தைக்கு விலங்கு பூட்டக்கூடாது என்றிருக்கிறது. ஏன்? காக்கி உடுப்பைக் கண்டால் பிள்ளைக்கு வாய் திறக்காது என்பது சட்டம் எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தையைக் காப்பாற்றுவதற்காக உடுப்பைக் கழற்றிவிட்டு வா என்று சட்டம் சொல்லுகிறது. இவர்களோ உடுப்போடு துப்பாக்கியையும் மாட்டிக்கொண்டு வா என்கிறார்கள்.

காக்கியைக் கண்டு பயப்படுவது பிள்ளை மாத்திரமா? இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஜூனில், போலீசு விசாரணைக்குப் போய் வந்த ஒரு வாலிபர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடித்ததால்தான் இறந்தார் என்று ஜனங்கள் கொதித்தார்கள். 27ந் தேதி இதே ஆம்பூர்த் தெருக்களில் கல்லும் நெருப்பும் பறந்தன. போலீசாரும் பலர் காயம் பட்டார்கள். யார் மீது எவ்வளவு தப்பு என்பது இன்றைய பேச்சல்ல. ஆனால் அதை நினைவில் வைத்திருக்கும் தெருவிலிருந்து, விடியற்காலை ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் ஓடுகிற ஒரு தாய், துப்பாக்கி நிற்கிற வாசலுக்குள் தன் பிள்ளையை நிம்மதியாக அனுப்புவாளா? பீடிச் சுற்றில் உட்காரவைத்தால் நாலு காசாவது வரும் என்று நிறுத்திவிட மாட்டாளா?

இலங்கையில் இது நடந்து பார்த்தாயிற்று. 2019 ஏப்ரல் 21ந் தேதி அங்கே குண்டு வெடித்த பிறகு, மே 6ந் தேதி பள்ளிகளைத் திறந்தார்கள். வாசலில் பட்டாளமும் போலீசும் நின்று பையைச் சோதித்தார்கள். காவல் பலமாகத்தான் இருந்தது. வகுப்பில் பிள்ளைகள்தான் மிகக் குறைவு. சத்தீஸ்கார் பஸ்தர் காட்டுப் பகுதியில் போலீசுப் படைகள் பள்ளிக் கட்டடங்களிலேயே முகாம் போட்டன. மாவோயிஸ்டுகள் பள்ளிக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கி போனால் பள்ளிக்கூடமே போர்க்களமாகிவிடுகிறது. 2011ல் சுப்ரீம் கோர்ட் அங்கிருந்த படைகளைக் காலி செய்யச் சொல்லிற்று. அதற்கு முந்தின வருஷமே, நம் தமிழ்நாட்டுக் குழந்தை இல்லங்களைப் பற்றி எழுந்த வழக்கொன்றில், பள்ளிக் கட்டடங்களில் ஆயுதப் படைகள் இனித் தங்கக் கூடாது என்று அதே கோர்ட் உத்தரவிட்டது.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2004 ஜூலை 16ந் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். எந்தக் கொலைகாரன் வந்தான்? சமையல் அடுப்பும், கீற்றுக் கூரையும், ஒடுக்கமான படிக்கட்டும்தான் கொலைகாரர்கள். 2012ல் தாம்பரத்துப் பக்கம் பள்ளி பஸ்ஸின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து செத்தாள். 2021 டிசம்பர் 17ந் தேதி திருநெல்வேலியில் பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் மாண்டார்கள். கூரையையும், பஸ்ஸையும், சுவரையும் துப்பாக்கியால் சுட்டுத் திருத்த முடியுமா?

இன்னொரு ஆபத்து, ஜாதி. 2023 ஆகஸ்டில் நாங்குனேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்மேல் நீதிபதி சந்துரு அவர்கள் கமிட்டி அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர் கையில் ஜாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் ஜாதி கூடாது என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறது. வெட்டு விழுந்தது வீட்டில். வெறி ஏறினது தெருவில். துப்பாக்கியை நிறுத்தச் சொல்லுவது பள்ளிக்கூட வாசலில்! நோய் ஒரு இடத்தில், மருந்து வேறு இடத்தில்.

நான் போலீசாருக்கு விரோதியல்ல. அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஒரு வேலை காட்டுகிறேன். நம்மூரைப் பிளந்துகொண்டு சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது. காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் லாரிக்கு நடுவே பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடுகின்றன. அங்கே ஒரு போலீஸ்காரர் துப்பாக்கி இல்லாமல், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நில்லட்டும். வெறுங்கையால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று பாருங்கள்.

நாம் கேட்க வேண்டியதும் அதுபோல் சாதாரணமானவைகளே. சுற்றுச்சுவர் வேண்டும், பூட்டக்கூடிய கேட்டு வேண்டும், வருகிறவன் யார், எதற்கு வந்தான் என்று கேட்டு உள்ளே விட ஒரு வாட்ச்மேன் வேண்டும். மல்லிப்பட்டினத்துச் சாவு கற்பிக்கிற பாடம் அதுதான். தீப்பற்றினால் ஓட இரண்டாவது வழி வேண்டும். விரிசல் விட்ட சுவரை மழைக்கு முன் இடிக்க வேண்டும். ஐந்து வகுப்புக்கு ஐந்து உபாத்தியாயர் வேண்டும். முகம் வாடிய பிள்ளையை, "என்ன கண்ணு?" என்று கேட்க நேரமுள்ள உபாத்தியாயரைவிடப் பெரிய காவல் கிடையாது.

இவைகளைக் கேட்க உங்களுக்கு அதிகாரமும் இருக்கிறது. 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் நிர்வாகக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். தோல் ஷாப்பில் வேலை செய்யும் தாய்மார்களே, அந்த நாற்காலி உங்களுடையது. கூலி போகிறதே என்று கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். முறைபோட்டுக் கொண்டாவது போங்கள். போய், சுவரைத் தட்டிப் பாருங்கள். கேட்டை ஆட்டிப் பாருங்கள். எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நம் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்தது எது? 1920ல் ஜஸ்டிஸ் கட்சியார் சென்னை முனிசிபல் பள்ளியில் போட்ட சோறு. 1956ல் காமராஜர் போட்ட மதிய உணவு. 2022ல் ஆரம்பித்த காலைச் சிற்றுண்டி. தட்டைக் காட்டி அழைத்தோம், வந்தார்கள். துப்பாக்கியைக் காட்டினால் போய்விடுவார்கள். போனவர்களுக்காகக் காத்திருப்பது வேறு பள்ளிக்கூடமல்ல. பீடித் தட்டும் தோல் தொட்டியும்தான். ஆகவே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஆயுதப் போலீசு வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொண்டு, நாளைக்கே பள்ளிக்கூடச் சுவரைப் போய்ப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.