தீவு மின்நிலையமும் இரு கம்பித் தொடர்பும்



ஹேவ்லாக் என நாம் அழைத்துப் பழகிய, 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்ற தீவுக்குப் பெருநிலத்தின் மின் தொகுப்புடன் இணைப்புக் கிடையாது. கப்பலில் வந்திறங்கும் டீசலையே அது பெரிதும் நம்பியுள்ளது. எனவே எந்த இயந்திரம் எவ்வளவு எண்ணெய் குடித்து எத்தனை யூனிட் தந்தது, அதில் எத்தனை யூனிட் நுகர்வோரைச் சென்றடைந்தது என்று அன்றன்றே அறிவது அங்கு இன்றியமையாததாகும்.

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஹேவ்லாக்கையும் அது எட்டியுள்ளது. கடலைக் கடக்க வழி பிறந்துவிட்டது. ஆனால் மீட்டரிலிருந்து கட்டுப்பாட்டு அறை வரையுள்ள சில நூறு மீட்டரைக் கடப்பது எவ்வாறு?

இதற்கு உதவுவதே ஆர்.எஸ். 485 என்னும் தொடர்நிலைத் தகவல் தொடர்பு முறை. 1983-இல் தரப்படுத்தப்பட்ட இம்முறையில் செய்தியின் துணுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, முறுக்கிய இரு கம்பிகளின் வழியே செல்கின்றன. ஜெனரேட்டர் அருகே எழும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும். ஏற்பியோ அவற்றுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது. ஆகவே இரைச்சல் நீங்கிச் செய்தி நிற்கிறது. வேகத்தைக் குறைத்துக்கொண்டால் 1,200 மீட்டர் வரை செல்லலாம். 'இரு கம்பி' என்ற பெயரை மட்டும் முழுதாக நம்பிவிடாதீர்கள். கருவிகளுக்குப் பொதுவான மூன்றாவது கம்பியையும் இழுப்பதே நன்று.

கம்பி பாதையைத்தான் தருகிறது. பேசும் ஒழுங்கைத் தருவது 1979-இல் மோடிகான் நிறுவனம் வகுத்த மோட்பஸ் போன்ற நெறிமுறை. தலைமைக் கருவி ஒன்றே கேள்வி கேட்கும். 1 முதல் 247 வரையுள்ள முகவரிகளில் தன் எண்ணைக் கேட்ட மீட்டர் மட்டும் பதிலளிக்கும். மற்றவை வாய் திறவா. ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் பிழை அறியும் எண் ஒன்று உண்டு. நொடிக்கு 9,600 துணுக்கு என்பது இன்று ஆமை வேகமாகத் தோன்றலாம். எனினும், ஒரு மீட்டரின் அளவைக் கேட்டுப் பெறுவதற்குப் பொதுவாக நொடியில் ஒரு சிறு பகுதியே போதும்.

பெரும்பாலான கோளாறுகள் கம்பி இழுப்பதிலேயே தோன்றுகின்றன. வீட்டு வயரிங்கில் பழகிய கை, ஒரு பெட்டியிலிருந்து நான்கு திசையிலும் கிளை பிரிக்கவே விழையும். இங்கு அது ஆகாது. கிளை முனைகளில் மோதித் திரும்பும் அலை செய்தியைக் குலைக்கும். ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்கு எனச் சங்கிலியாகவே செல்ல வேண்டும். சங்கிலியின் இரு கோடிகளில் மட்டும் 120 ஓம் மின்தடை பொருத்துக. புதிய மீட்டர்கள் பலவும் 1 என்ற முகவரியுடனேயே வருவதால், மாற்றாமல் இணைத்தால் இரண்டும் ஒருசேரப் பேசி எதுவும் விளங்காது. தீவின் உப்புக் காற்றோ திருகாணி முனைகளை மெல்ல அரிக்கும். தொடர்பு விட்டுவிட்டு வருகிறதென்றால், கணினியைக் குறைகூறுமுன் அம்முனைகளைக் கழற்றிப் பாருங்கள்.