பொதுவேலை நடத்துவோர்க்கு வேண்டிய பயிற்சி
(குருசுக்குப்பத்துக் கூட்டுறவாளர்க்கு நிகழ்த்திய பிரசங்கம்)



புதுச்சேரி நகரின் வடபாகத்தில் கடலை ஒட்டியுள்ள குருசுக்குப்பத்தின் கீழ்ப்புறத்தில் நின்று பார்ப்பவர்க்கு மணற்கரை தென்படுவதில்லை. கருங்கற்களை அடுக்கிய சுவரே தென்படுகின்றது. முன்னாட்களில் கட்டுமரங்களை ஏற்றி வைத்ததும், வலைகளை உலர்த்தியதும், கரைவலை இழுத்ததும் அம்மணலின் மேல்தான். சங்கங்களையும் திட்டங்களையும் நடத்தும் பொறுப்பாளர்க்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்று ஆராயப் புகுவோர், அம்மணல் போன வரலாற்றை விட்டு வேறு பாடம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

நகரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் துறைமுகம் ஒன்று அமைக்கப்பட்டது. முகத்துவாரம் தூர்ந்து போகாதிருக்கும் பொருட்டு இருமருங்கும் கல்லணைகள் கடலுக்குள் நீட்டப்பட்டன. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் மட்டும் அத்திசை மாறுகின்றது. கல்லணை குறுக்கிட்டதும் தென்புறத்தே மணல் குவிந்தது. வடபுறத்துக்கு வர வேண்டிய மணல் வராமையால் அங்கே கரை அரிபட்டது. வரைபடம் வகுத்தவர்கள் இதனை அறியாதவர்களல்லர். தென்புறத்து மணலை வாரி வடபுறத்திற் சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே கண்டிருந்தது. கல்லணை கட்டி முடிந்தது. மணல் வாரும் வேலையோ ஆண்டுதோறும் ஒழுங்காக நடைபெறவில்லை. பின்னர்க் கரையைக் காக்கக் கல் அடுக்கினார்கள். கல் அடுக்கிய இடம் நின்றது. அரிப்பு அதற்கு வடக்கே தாவிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று ஒவ்வொன்றாய்க் கடந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பத்துக் கரையையும் அது தொட்டது. 2018-ஆம் ஆண்டில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகினாலான திட்டு ஒன்றை அமிழ்த்தி, நகரின் முகப்பில் மணல் மீண்டும் சேரும்படி செய்தார்கள். முன்னர்ச் செய்யாது விட்ட பராமரிப்புக்குப் பின்னர்ச் செலுத்திய விலை அது.

இங்கே குறைவுற்றது யந்திர சாஸ்திரமன்று. எந்த மாதத்தில், எவர் பொறுப்பில், எந்த நிதியிலிருந்து மணல் வாரப்பட வேண்டும். வாராவிடில் எவர் எவரைக் கேட்பது. கேட்பவர் பதவி மாறினால் அந்தக் கேள்வியை யார் தொடர்வது என்பனவே தவறிப் போயின. திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் முதல் தொடங்கும் இவ்வேலைக்கே நிர்வாகம் என்று பெயர். பயிற்சி என்பதும் பிரதானமாக இதற்குத்தான் வேண்டும்.

நடைமுறையிலோ பயிற்சி என்றவுடன் மண்டபமும், கரும்பலகையும், மூன்று நாட் பிரசங்கங்களும், கடைசி நாளில் நற்சாட்சிப் பத்திரமுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. அப்பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் சங்கங்கள் உண்டு. அச்சுவரின் கீழுள்ள அலமாரியில் ஆறு மாதத்துக் கணக்கு எழுதப்படாமல் கிடப்பதும் உண்டு.

நம் நாட்டில் இதற்கு மாறான வழியை முன்னரே கண்டவர்கள் இருக்கிறார்கள். சேலத்திற் பிறந்த கே. டி. பால் அவர்கள் வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தின் தேசியக் காரியதரிசியாயிருந்து கிராமத் தொண்டிற் கருத்தைச் செலுத்தினார். அச்சங்கத்தின் சார்பில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1920-ஆம் ஆண்டுகளில் கிராம புனருத்தாரண நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். கிராமத் தொண்டர்களுக்கென்று அங்கே பயிற்சிப் பள்ளியும் கூடிற்று. கோழி வளர்ப்பும், தேனீ வளர்ப்பும், கைத்தொழில்களும் ஏட்டிலன்றிக் கையினாற் கற்பிக்கப்பட்டன. ஜனங்கள் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ள வேண்டும், அறிந்தவர் அருகிலிருந்து ஆலோசனை கூற வேண்டும் என்பதே அவர் கொண்ட முறை. அருகிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். தலைநகரிலிருந்து சுற்றறிக்கை அனுப்புவது அதில் அடங்காது. 1937-ஆம் ஆண்டில் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. ஹாட்ச் நாட்டை விட்டுச் சென்றார், அரசாங்கங்கள் மாறின, அவ்வூரே ஓர் இராஜ்யத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு வந்தது. தேன் தொழில் நின்றுவிடவில்லை. 2023-ஆம் ஆண்டில் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கற்பித்தவர் போன பின்னர் வேலை நடக்கின்றதா என்பதைக் கொண்டே பயிற்சியை மதிப்பிடுவதானால் மார்த்தாண்டத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

மீனவர்க்கும் கூட்டுறவாளர்க்கும் ஒருங்கே உரிய பெரியார் ஒருவரையும் இங்கே குறிப்பிடல் தகும். சென்னை மாகாணத்து ஸிவில் உத்தியோகஸ்தரான ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் ஐரோப்பாவின் விவசாய பாங்கிகளை ஆராய்ந்து 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகமாக அறிக்கை வெளியிட்டார். 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழி செய்தவற்றுள் அதுவும் ஒன்று. பின்னர் அவரே 1907-ஆம் ஆண்டில் தோன்றிய மாகாண மீன்துறையின் மூலபுருஷராயினார். ஜப்பானியரின் மீன்பிடி முறைகளையும் நேரிற் கண்டு எழுதினார். கிராம பாங்கிக்குச் சட்டத்தைக் காட்டிலும் அதனை நடத்தத் தக்க உள்ளூர் மனிதரைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை என்பது அவர் ஆராய்ச்சியின் முடிவு. நூறாண்டுக்கு மேலாகியும் அம்முதல் வேலை பல ஊர்களில் பாக்கி நிற்கின்றது.

பெரிய உத்தியோகங்களில் இருப்போர்க்கென்று ஏற்பட்ட கலாசாலைகளும் இவ்வுண்மையைத் தம் வழியில் உணர்ந்தன. இங்கிலாந்தில் ஹென்லி என்னுமிடத்தில் 1945-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நிர்வாகக் கலாசாலையில், அநுபவமுள்ளவர்களைச் சிறு சிறு குழுக்களாக அமர்த்தி, ஒருவர் அநுபவத்தை மற்றவர் ஆராயும்படி செய்தார்கள். ஹைதராபாதில் 1956-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கலாசாலை அம்மாதிரியையே பின்பற்றிற்று. 1979-ஆம் ஆண்டில் குஜராத்தில் ஆனந்த் நகரில், பால் கூட்டுறவில் புகழ்பெற்ற வர்கீஸ் குரியனின் முயற்சியால் கிராம நிர்வாகக் கல்வி நிலையம் நிறுவப்பட்டது. அங்கே மாணவர் கிராமத்தில் தங்கியிருந்து கற்பதும் பாடத்தின் ஒரு பகுதியாயிற்று. பட்டதாரிகளுக்கே இது வேண்டியிருப்பின், படகும் வலையும் நடத்துவோர்க்குக் கரும்பலகை மாத்திரம் போதுமென்பது என்ன நியாயமோ!

தொலைவிலுள்ள உதாரணங்கள் கிடக்கட்டும். 1998-ஆம் ஆண்டு முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வில்லியனூரை நடுநிலையமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களிற் செய்தி நிலையங்களை அமைத்தார்கள். இடத்தைக் கிராமத்தாரே அளிக்க வேண்டும், நிலையத்துக்குள் சகல ஜாதியாரும் வர இடந்தர வேண்டும் என்று விதித்தார்கள். எம்பலத்தில் கோயிலின் பகுதியிலேயே நிலையம் அமைந்தது. கம்ப்யூட்டரை முன்பின் கண்டறியாத கிராமத்துப் பெண்கள் அதனை இயக்கப் பழகிப் பொறுப்பேற்றார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையார் வெளியிட்ட அலை உயரச் செய்தி நாள்தோறும் எடுக்கப்பட்டு, கடலுக்குப் புறப்படுவோர் காதில் விழும்படி ஒலிபெருக்கியிற் சொல்லப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி வந்த காலையில், சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அங்குள்ளோர் நிலையத்து ஒலிபெருக்கியில் அதனை முழக்கினர். ஜனங்கள் கரையை விட்டு ஓடித் தப்பினர். படகுகள் அழிந்தன, உயிர்கள் மிஞ்சின. அந்நிலையத்தின் கதவை எவர் திறப்பது, கருவியை எவர் இயக்குவது என்பது அன்று காலையில் ஆலோசித்து முடிவு செய்யப்பட்டதன்று. பல வருஷங்களாய் நாள்தோறும் செய்து வந்த சிறு வேலையே ஒரு நாள் பெரு வேலையாயிற்று. கம்ப்யூட்டர் புதுமையாயிருந்தபடியால் பலரும் அதனையே வியந்து எழுதினர்; வியக்கத் தக்கது அதனைத் தினந்தோறும் தவறாது நடத்திய ஒழுங்கு.

இனி, குருசுக்குப்பத்தாருக்கு நிர்வாகம் புதிதென்று எண்ணுவது பேதைமை. பிடித்த மீனைப் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிடும் கணக்கைக் கரையிலே நின்றபடி முடிப்பவர்கள் அவர்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் கூட்டம் கூட்டுவதும், வழக்குத் தீர்ப்பதும், திருவிழாவுக்கு வரி வசூலிப்பதும் எந்தக் கலாசாலையிலும் கற்றதன்று. கடனுக்கு மீன் வாங்கி, தலையிற் சுமந்து விற்று, மாலைக்குள் முதலைத் திருப்பும் பெண்மக்களுக்கு வட்டிக் கணக்கைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் இவையெல்லாம் நினைவிலும் வாய்ச்சொல்லிலும் நடப்பவை. ஊர்ப் பொதுப் பணம் பாங்கிக்குப் போனதும், அரசாங்க உதவி பட்டியல் பார்த்து வரத் தொடங்கியதும், வாய்ச்சொல் போதாதாயிற்று. கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடையுண்டு. அத்தடைக்கால உதவிப் பட்டியலில் இறந்தவர் பெயர் இருந்து, புதிதாய்க் கடலுக்குப் போகும் வாலிபன் பெயர் விடுபட்டால், ஒரு குடும்பம் அடுப்பெரிக்க வழியின்றி நிற்கும். பழைய காரியதரிசி போய்ப் புதியவர் வரும்போது இவ்விதத் தவறு எளிதில் நேரும். சாவியும் முத்திரையும் கைமாறுகின்றன, விஷயம் கைமாறுவதில்லை.

ஆகவே பயிற்சியின் முதற் பாடம் ஒப்படைப்பாக இருத்தல் வேண்டும். சங்கத்தின் உடைமை யாவை, ஒவ்வொன்றையும் பழுது பார்க்க வேண்டிய மாதம் எது, அதற்கு ஒதுக்கிய பணம் எங்கேயிருக்கின்றது, நிலுவையிலுள்ள மனுக்கள் எவை என்று ஒருவர் எழுதிக் கொடுத்து, மற்றவர் படித்துக் கேள்வி கேட்டு வாங்கப் பழக வேண்டும். அடுத்தது, பணம் கேட்டு வரும் திட்டத்தை விசாரிக்கும் பாடம். ஐஸ் பெட்டியாயினும் வலை பின்னும் கூடமாயினும், விலை என்ன என்று கேட்பதோடு நில்லாமல், ஐந்தாம் வருஷத்தில் அதன் செலவு என்ன, அதனை யார் தருவது என்று கேட்கப் பழக வேண்டும். கடலில் கல் போட வருவோரிடமும் இக்கேள்வியைக் கேட்கும் துணிவு ஊராருக்கு வேண்டும். அதிலும் மணல் எங்கே போகும் என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும். மூன்றாவது, கூட்டத்தில் மாறுபட்டுப் பேசுபவனை அடக்காமல் கேட்கும் பழக்கம். இதைக் கற்பிப்பது மற்ற இரண்டினும் கடினம். பஞ்சாயத்தாரின் மூப்புக்கு மரியாதை குறையாமலும், சங்கத்தின் விதிக்கு ஊறு வராமலும் இரண்டுக்கும் நடுவே செல்ல வேண்டியிருப்பதால், வெளியூர் உபாத்தியாயரைவிட, அவ்விதம் நடத்திக் காட்டிய அக்கம்பக்கத்துக் குப்பத்துக் காரியதரிசிகளே இதற்கு ஏற்றவர்கள்.

காலமும் இடமும் எளிதில் அமையும். தடைக்காலத்தின் முதற் பத்து நாட்கள் போதும். விசைப்படகிற் போவோர் அப்பொழுது கரையிலிருப்பார்கள். வகுப்பைக் குப்பத்திலேயே, சங்கத்தின் சொந்தப் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு நடத்த வேண்டும்; மாதிரிக் கணக்கு வேண்டா. பத்து நாட் பாடத்துக்குப் பின், ஆறு மாதம் கழித்துக் கற்பித்தவரே திரும்ப வந்து அப்பேரேட்டைப் பார்க்க வேண்டும். நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதானால் அன்று கொடுக்கலாம். வகுப்பின் நேரத்தை மாலை விளக்கேற்றிய பின் வைத்தல் நலம். காலையில் வைத்தால் அங்காடியில் மீன் விற்கும் பெண்மக்கள் வர இயலாது.