தொலைக் கல்வி மென்பொருளும் நிறுவனங்களின் சர்வர்களும்

(பயிற்சி அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் நாட்டில் தொலைக் கல்விக்கு அறுபதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பாடங்களைத் தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. 2017-இல் 'ஸ்வயம்' தளம் வந்தது. அரசு ஊழியர் பயிற்சிக்கான கர்மயோகி இயக்கத்துக்கு 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அஞ்சல் உறையில் சென்ற பாடம் இன்று கணிப்பொறித் திரையில் செல்கிறது. தொழில் நிறுவனங்களும் தம் பணியாளர்களுக்கு இவ்வழியில் பயிற்சி அளிக்க முற்பட்டுள்ளன. ஆயினும், பாடம் எழுதுவதைவிட, அதைத் தாங்கும் மென்பொருளை நிறுவனத்தின் சர்வரில் நிறுவுவதே பல இடங்களில் பெரும்பாடாக இருக்கிறது. இதற்கான காரணங்களை இங்கு ஆராய்வோம்.

'மூடில்' என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் உருவாகி, 2002-இல் முதற் பதிப்பு வெளிவந்த இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. "இலவசம்" என்ற இந்தச் சொல்லே பலரை மயக்கிவிடுகிறது. விலை வேறு, செலவு வேறு என்பதைப் பொருளாதார மாணவர்கள் அறிவார்கள். மென்பொருளின் விலை பூஜ்யமாக இருக்கலாம். அதை நிறுவவும் பராமரிக்கவும் வேண்டிய உழைப்பின் செலவு பூஜ்யமன்று. வரவு செலவுத் திட்டத்தில் கொள்முதலுக்குத் தலைப்பு இருக்கும்; பராமரிப்புக்கு இராது. தொல்லைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலாவது தொல்லை, பதிப்புகளின் பொருத்தமின்மை. மூடில், பிஎச்பி என்ற கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டது. 2024-இல் வெளியான மூடில் 4.5-க்குக் குறைந்தது பிஎச்பி 8.1 வேண்டும். பல நிறுவனங்கள் பயன்படுத்திவந்த சென்டோஸ் 7 உடன் வந்ததோ பிஎச்பி 5.4. 'மாற்றிவிட்டால் போயிற்று' எனத் தோன்றலாம். ஆனால் அதே சர்வரில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பழைய நிரல் ஒன்று அந்தப் பழைய பதிப்பை நம்பி ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? பயிற்சிப் பிரிவுக்குக் கிடைக்கும் நன்மைக்காகக் கணக்குப் பிரிவு இடரை ஏற்க வேண்டியிருக்கும். அது தயங்குவதில் வியப்பில்லை. தனிச் சர்வரோ, ஒரே கணிப்பொறிக்குள் பிரித்தமைத்த மெய்நிகர் சர்வரோ ஒதுக்குவதே இதற்குத் தீர்வு.

இரண்டாவது, அனுமதிகள். பணியாளர் சமர்ப்பிக்கும் கோப்புகளை மூடில் ஒரு தனிக் கோப்புறையில் சேமிக்கிறது. மென்பொருள் அதில் எழுத முடிய வேண்டும். வெளியார் அதை இணையம் வழியே நேரடியாகத் திறக்க முடியக் கூடாது. அவசரத்தில் அதைத் தவறான இடத்தில் வைத்து, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் அளித்துவிட்டால், மென்பொருள் ஓடத்தான் செய்யும். ஆனால் பணியாளரின் விடைத்தாள்கள் தெருவுக்கு வந்துவிடும். இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்றும், சர்வர் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டுமென்றும் 'செர்ட்-இன்' அமைப்பு 2022-இல் கட்டளையிட்டது. ஆகவே கணிப்பொறிப் பிரிவு காட்டும் கண்டிப்பைப் பிடிவாதம் என்று கொள்ளலாகாது.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத வேலைகள். 'கிரான்' எனப்படும் நேரக் கட்டளை நிமிடத்துக்கு ஒரு முறை இயங்கி, மூடிலின் பின்னணிப் பணிகளைச் செய்ய வேண்டும். நிறுவியவர் இதை அமைக்க மறந்தால், பாடப் பக்கங்கள் பழுதின்றித் திறக்கும். ஆனால் நினைவூட்டல் அஞ்சல்கள் போகமாட்டா. பாடம் முடித்ததற்கான பதிவு ஏறாது. தொலைவிலுள்ள ஒரு சுரங்கத்தில் பாதுகாப்புப் பாடத்தைப் படித்து முடித்த தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் முடித்துவிட்டார், ஏடு முடிக்கவில்லை என்கிறது. ஏட்டை நம்பும் அதிகாரி அவரைப் பணிக்கு அனுமதிக்க மறுத்தால், ஒரு வரிக் கட்டளை விடுபட்டதற்கு அவர் கூலியை இழக்கிறார்.

நான்காவது, அளவும் நெரிசலும். பிஎச்பி தானாக ஏற்கும் கோப்பின் உச்சவரம்பு 2 மெகாபைட்தான். அதை உயர்த்தாவிடில் ஆசிரியரின் படப்பாடம் வாசலிலேயே நின்றுவிடும். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நேரத்தில் தேர்வு வைத்தால் சர்வர் திணறும். கிளைவாரியாக நேரம் பிரித்தளிப்பது, புதிய இயந்திரம் வாங்குவதைவிடச் சிக்கனமானது.

இவற்றையெல்லாம் நோக்கும்போது ஓர் உண்மை விளங்கும். இத்தொல்லைகளுள் பெரும்பாலானவை இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட, எவருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் முளைக்கின்றன. பாடம் பயிற்சிப் பிரிவின் பொறுப்பு. சர்வர் கணிப்பொறிப் பிரிவின் பொறுப்பு. இரண்டும் சேருமிடம் யாருடைய பொறுப்பு?

எனவே, நிறுவும் பணி தொடங்குமுன் அப்பொறுப்பை ஓர் அலுவலரிடம் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். புதிய பதிப்பைச் சோதனைச் சர்வரில் ஓட்டிப் பார்த்த பின்னரே பணிக்குக் கொண்டுவர வேண்டும். தரவுத்தளம், கோப்புறை, நிரல் ஆகிய மூன்றையும் நகலெடுத்து வைப்பதுடன், அந்நகலிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல் வெறும் நம்பிக்கையே. பராமரிப்புக்கென ஆண்டுதோறும் சிறு தொகையேனும் ஒதுக்க வேண்டும்.

தலைமை அலுவலகத்தின் வகுப்பறைக்கு வர இயலாதவருக்காகவே தொலைக் கல்வி ஏற்பட்டது. அவரிடம் பாடம் போய்ச் சேர்ந்ததா, அவர் கற்றது ஏட்டில் ஏறியதா என்ற இரண்டையும் சரிபார்த்த பின்னரே, "நிறுவியாயிற்று" என்று கோப்பில் கையெழுத்திடுவது முறையாகும்.