அறுத்தெடுத்த கதையும் ஆத்திரப்பட்ட பக்தர்களும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் ஒரு சினிமாப் படத்தைப் பற்றிப் பேசுவதாக நோட்டீசில் கண்டவுடன் உங்களில் பலருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கலாம். "எத்தனையோ காரியங்கள் கிடக்க, கரடி பேசுகிறதும், சூனியக்காரி ஆகாயத்தில் பறக்கிறதுமான ஒரு கட்டுக்கதைப் படத்தைப் பற்றிப் பகுத்தறிவுக்காரர்களுக்கு என்ன பேச்சு?" என்று கேட்கலாம். கேட்பது நியாயமேயாகும். ஆனால் நாம் பேச வந்தது அந்தப் படத்தின் அழகைப் பற்றியல்ல. அதைப் பார்த்தவர்களும், பாராமலே கூச்சலிட்டவர்களும், அதை எடுத்த முதலாளிகளும் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியேயாகும். அதில் நாம் அறிய வேண்டிய சங்கதி மிகுதியும் இருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். கட்டுக்கதை என்றாலே பகுத்தறிவுக்கு விரோதம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. "இது கதை" என்று சொல்லிக்கொண்டு வருகிற கதை யாரையும் ஏமாற்றுவதில்லை. அதைப் படித்துவிட்டுக் கரடிக்குக் காணிக்கை போடச் சொல்லி யாரும் தட்டு நீட்டுவதில்லை. நம்பாதவனுக்கு நரகம் என்று பயமுறுத்துவதுமில்லை. கதையை "நடந்த உண்மை" என்று சொல்லி, கேள்வி கேட்டவன் வாயை அடைக்கும் போதுதான் நமக்கு அதனோடு சண்டை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இங்கிலாந்திலே பிலிப் புல்மன் என்கிற ஆசிரியர் 1995-ம் வருஷத்தில் "நார்தர்ன் லைட்ஸ்" என்ற ஒரு நாவலை எழுதினார். அமெரிக்காவில் அதற்குக் "கோல்டன் காம்பஸ்" என்று பெயர் வைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக இன்னும் இரண்டு புத்தகங்கள் வந்து, 2000-த்தில் மூன்றாவது பாகத்தோடு கதை முடிந்தது. பிள்ளைகளுக்கான சிறந்த நூலுக்குக் கொடுக்கப்படும் கார்னகி மெடல் முதல் பாகத்திற்குக் கிடைத்தது. அந்த மெடலின் 70-வது ஆண்டு நிறைவை முன்னிட்டு, இதுவரை பரிசு பெற்றவைகளுக்குள் மேலானது எது என்று 2007-ல் பொதுஜனங்களின் ஓட்டுக்கு விட்டபோது, இந்தப் புத்தகமே முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இதிலிருந்து ஜனங்கள் அதன் மீது எவ்வளவு பிரியம் வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

கதை என்னவென்றால், அது நடக்கிற உலகத்தில் ஒவ்வொரு மனிதனுடைய ஆத்மாவும் உடம்புக்கு வெளியே ஒரு பிராணியாகக் கூடவே நடந்து வரும். பிள்ளைகளுடைய பிராணி நினைத்தபடியெல்லாம் உருமாறும். பெரியவர்களானதும் அது ஒரே உருவில் நிலைத்துவிடும். அந்த உலகத்தை ஆட்டி வைப்பது 'மெஜிஸ்டீரியம்' என்கிற மத அதிகார ஸ்தாபனம். வளர்ந்தவர்களைச் சுற்றி ஒருவிதத் தூசி படிவதைக் கண்டு, அதுதான் மனிதனுடைய ஆதிபாவம் என்று அந்த மதத்தார் தீர்மானிக்கிறார்கள். பாவம் ஒட்டுவதற்கு முன்பாகவே பிள்ளைகளைச் சுத்தம் செய்துவிட வேண்டுமென்று ஏழை வீட்டுக் குழந்தைகளைத் திருடி, வட துருவப் பிரதேசத்தில் பொல்வாங்கர் என்னுமிடத்தில் அடைத்து, அவர்களையும் அவர்களுடைய பிராணியையும் தனித்தனியே அறுத்துப் பிரிக்கிறார்கள். அறுபட்ட பிள்ளை உயிரோடிருந்தாலும் நடைப்பிணந்தான். லைரா என்கிற சிறு பெண் இதைக் கண்டுபிடித்து எதிர்க்கிறாள். மூன்றாம் பாகத்திலே, உலகத்தைப் படைத்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் படைத்தவனே அல்ல, முதலில் தோன்றிய ஒரு தேவதூதன் மாத்திரமே என்றும், அவன் தள்ளாத கிழவனாய்ப் போய்க் காற்றோடு கலந்துவிடுகிறான் என்றும் ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

தோழர்களே! இப்படிப்பட்ட கதையைப் படமாக எடுக்கப் புறப்பட்டது நியூ லைன் என்கிற அமெரிக்கக் கம்பெனி. போட்ட பணம் சுமார் 18 கோடி டாலர். இவ்வளவு பணத்தைக் கொட்டுகிற முதலாளிக்கு வருகிற முதல் யோசனை என்னவாக இருக்கும்? "கதை என்ன சொல்லுகிறது?" என்பதல்ல. "யாருக்குக் கோபம் வரும்?" என்பதுதான். 2004-ம் வருஷத்திலேயே டைரக்டர் கிறிஸ் வெய்ட்ஸ், கதையில் மதத்தைப் பற்றி வருவதைக் கம்பெனி கவலையோடு பார்க்கிறதென்றும், அதைத் தணிக்க வேண்டியிருக்கிறதென்றும் வெளிப்படையாகச் சொன்னார். 2007 டிசம்பரில் படம் வந்தபோது அப்படியே இருந்தது. மெஜிஸ்டீரியம் என்கிற பெயர் இருந்தது. ஆனால் அது ஒரு மதச் சபை என்பதை மறைத்து, ஏதோ ஒரு கொடுங்கோல் சர்க்கார் போல ஆக்கிவிட்டார்கள். நாவலின் முடிவிலே, ஓர் ஏழைப் பையன் அறுக்கப்பட்டு அவன் உயிரின் வேகத்தில் வேறோர் உலகத்திற்கு வழி திறக்கிறது. அந்தக் கட்டத்தைப் படம் பிடித்தும் காட்டாமல் தள்ளிவிட்டார்கள்.

கதையிலே மதத்தார் குழந்தையை அதன் உயிரிலிருந்து அறுத்தார்கள். படத்திலே முதலாளிகள் கதையை அதன் உயிரிலிருந்து அறுத்தார்கள். கரடியின் ரோமத்துக்குச் செலவழித்த சிரத்தையில் ஒரு பங்கை அர்த்தத்துக்குச் செலவழிக்கவில்லை. பேசும் மிருகங்களைத் தத்ரூபமாகக் காட்டியதற்கு 2008-ல் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

சரி, இவ்வளவு பயந்து விட்டுக்கொடுத்தார்களே, மத பக்தர்கள் திருப்தியடைந்தார்களா? இல்லவே இல்லை. அமெரிக்காவிலுள்ள கத்தோலிக் லீக் என்கிற சங்கத்தார் படம் வருவதற்கு முன்பிருந்தே பஹிஷ்காரப் பிரசாரம் செய்தார்கள். தனிப் புத்தகமும் அச்சடித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் வெகு வேடிக்கையானது. "படத்தில் மத விரோதம் தணிந்துதான் இருக்கிறது; ஆனால் படத்தைப் பார்த்த பிள்ளை புத்தகத்தைக் கேட்கும்; தாய் தகப்பன்மார் விஷயம் தெரியாமல் கிறிஸ்துமஸ் பரிசாக அதை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்; பிள்ளை படித்துக் கெட்டுப்போகும்" என்பதாகும். பாருங்கள் தோழர்களே! படம் கெட்டது என்பதல்ல குற்றம். படம் புத்தகத்திற்கு வழிகாட்டும் என்பதே குற்றம்! மூன்று நாவலைப் படிப்பதால் ஒரு சிறு பிள்ளையின் விசுவாசம் இடிந்து விழும் என்று அதைக் காப்பவர்களே பயந்தால், அந்தக் கட்டிடத்தின் அஸ்திவாரத்தைப் பற்றி அவர்களுக்கே உள்ள அபிப்பிராயம் என்ன? நாமாகச் சொல்ல வேண்டியதில்லை.

மதக்காரர்கள் எல்லோரும் ஒரே விதமாக நடந்துகொண்டார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். காண்டர்பரி ஆர்ச் பிஷப்பாயிருந்த ரோவன் வில்லியம்ஸ், இதே கதையை லண்டனில் நாடகமாக நடித்தபோது பார்த்துப் பாராட்டி, பள்ளிக்கூடத்தில் மதபோதனை வகுப்பிலேயே இதை வைத்து விவாதிக்கலாமென்று 2004-ல் சொன்னார். அவருக்குத் தம் மதத்தின் மேல் நம்பிக்கை இருந்தது; ஆகையால் கேள்விக்குப் பயப்படவில்லை. அமெரிக்கக் கத்தோலிக்கப் பிஷப்புகள் சபையின் சினிமா ஆபீசில் இருந்தவர்களும் படத்தைப் பார்த்து நல்லபடியாகவே மதிப்புரை எழுதினார்கள். ஆனால் என்ன நடந்தது? கூச்சல் கிளம்பியது. 2007 டிசம்பரிலேயே அந்த மதிப்புரை வாபஸ் வாங்கப்பட்டது. பார்த்தவர் எழுதியதைப் பாராதவர் கூச்சல் அழித்துவிட்டது. கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூட போர்டார் அதே வருஷம் புத்தகத்தையே அலமாரியிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்க நூல் நிலையச் சங்கத்தார் வெளியிடும் கணக்கில், 2008-ல் ஆட்சேபணை செய்யப்பட்ட புத்தகங்களில் இந்த மூன்று பாகக் கதை இரண்டாவது ஸ்தானத்தில் இருந்தது. புத்தகம் வெளிவந்து பத்து வருஷத்திற்கு மேலாகியிருந்தும், அவ்வளவு பெரிய கூச்சல் படம் வந்த பிறகே எழுந்தது!

"சூனியமும் மந்திரமும் பிள்ளைகளுக்கு ஆகாது என்றுதானே எதிர்த்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். 2005-ம் வருஷத்தில் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதையைப் படமாக்கினார்கள். அதிலும் சூனியக்காரி உண்டு. பேசும் மிருகங்கள் உண்டு. செத்த சிங்கம் பிழைத்து எழுந்திருப்பதும் உண்டு. அதை எத்தனையோ சர்ச்சுக்காரர்கள் கூட்டங்கூட்டமாய் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தார்கள். ஏன்? அந்தச் சிங்கம் கிறிஸ்துவுக்கு அடையாளம். ஆகவே சூனியக்காரி ஒரு சாக்குதான். சிங்கம் தங்கள் பக்கம் இருந்தால் கற்பனை நல்லது. கரடி எதிர்ப்பக்கம் நின்றால் கற்பனை விஷம். இதுதான் அவர்களுடைய தராசு.

இனி, புத்தகத்தை நேசித்தவர்கள் சங்கதி. அவர்களும் மனம் நொந்தார்கள். முடிவு எங்கே, மதம் எங்கே, எங்கள் லைரா எங்கே என்று கேட்டார்கள். புல்மன் கௌரவ அங்கத்தினராயிருந்த இங்கிலாந்தின் தேசிய மதச்சார்பற்ற சங்கத்தாரும் கதையின் சாரத்தையே எடுத்துவிட்டதாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமென்பதே நம் அபிப்பிராயம். ஆனால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ள ஒரு வரி மாறினாலும் பாவம் என்று சில வாசகர்கள் பேசுகிறார்கள். அது வேதம் ஓதுகிறவன் பேச்சு, படித்தவன் பேச்சல்ல. நாவல் வேறு, படம் வேறு. நாவலில் பொல்வாங்கர் முன்னும் கரடியரசின் சண்டை பின்னும் வருகின்றன. படத்தில் இரண்டும் இடம் மாறின. அதனால் உலகம் முழுகிப் போகாது. எதை மாற்றினார்கள் என்பதல்ல கேள்வி. எதற்காக மாற்றினார்கள் என்பதே கேள்வி. கதையை நன்றாகச் சொல்ல மாற்றினால் கலை. பயந்து மாற்றினால் அடிமைத்தனம்.

பணத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் சுமார் 2½ கோடி டாலரும், மொத்தத்தில் சுமார் 7 கோடி டாலருமே வசூலாயிற்று. நார்னியாப் படம் அங்கே முதல் மூன்று நாளிலேயே 6½ கோடி டாலர் வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே இந்தப் படம் சுமார் 30 கோடி டாலர் வசூல் செய்தது. கம்பெனியாரோ வெளிநாட்டு உரிமைகளை முன்னதாகவே விற்றுத் தின்றுவிட்டிருந்தார்கள். 2008 பிப்ரவரியில் நியூ லைன் கம்பெனி வார்னர் கம்பெனிக்குள் சேர்க்கப்பட்டுத் தன் சுயேச்சையை இழந்தது. அடுத்த இரண்டு பாகங்களும் படமாகவில்லை.

இதைக் காட்டி, "எங்கள் பஹிஷ்காரத்தால் விழுந்தது" என்று லீக்காரர்கள் மார்தட்டினார்கள். நாம் அதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது பகுத்தறிவுக்கு உகந்த ருஜுவல்ல. அவசர அவசரமாய்க் கதை சொன்னார்கள், பத்திரிகைகளின் மதிப்புரைகள் இருவிதமாக இருந்தன, புத்தகத்தை அறிந்தவர்கள் ஏமாந்தார்கள், பக்தர்களும் வரவில்லை. இவற்றில் எது எத்தனை பங்கு என்று அளந்து சொல்ல யாரிடத்திலும் படி இல்லை. நமக்குச் சாதகமானாலும் சரி, பாதகமானாலும் சரி, ருஜு இல்லாததை ருஜு என்று சொல்லக் கூடாது.

ஆனால் ஒன்று மாத்திரம் நிச்சயம். எந்தச் சர்க்காரும் உத்தரவு போட்டு இந்தக் கதையை அறுக்கச் சொல்லவில்லை. எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. வரப்போகிற கோபத்தை நினைத்து, வருவதற்கு முன்பே தம் கையாலேயே அறுத்துக்கொண்டார்கள். அப்படி அறுத்தும் எதிரிக்குத் திருப்தியில்லை, நேசித்தவனுக்கும் திருப்தியில்லை. தடையுத்தரவை எதிர்த்துப் போராடலாம், கண்ணுக்குத் தெரியும். இந்தப் பயமோ கண்ணுக்குத் தெரியாது. என்ன அறுக்கப்பட்டதென்று அறியாமலே ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதனால்தான் இது தடையைவிடப் பொல்லாதது என்கிறோம்.

2019 முதல் 2022 வரை பி.பி.சி.யாரும் எச்.பி.ஓ.வாரும் சேர்ந்து இதே மூன்று பாகங்களையும் 23 பகுதிகளாக டெலிவிஷனில் காட்டினார்கள். மெஜிஸ்டீரியம் மதச் சபையாகவே வந்தது. ஏழைப் பையன் சாவும் வந்தது. காற்றோடு கலந்த கிழவனும் வந்தான். வானம் இடிந்து விழவில்லை. சர்ச்சுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படியானால் 2007-ல் பயந்தது எதற்காக?

ஆகவே தோழர்களே! ஒரு படத்தைப் பார்க்க வேண்டாமென்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. பார்க்காமல் இருக்கவும் உரிமை உண்டு. அந்த உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவன் பிள்ளை படிக்கிற அலமாரியில் கை வைக்க எவனுக்கும் உரிமை கிடையாது. பார்த்துவிட்டுப் பேசுங்கள், படித்துவிட்டுக் கண்டியுங்கள். உங்கள் பிள்ளை ஒரு கதையைப் படித்துவிட்டு வந்து, "அப்பா, படைத்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன் பொய் சொல்லியிருந்தால்?" என்று கேட்டால், புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் யோசியுங்கள். அதைக் காட்டிலும் பெரிய புண்ணியம் எந்தக் கோயிலிலும் சர்ச்சிலும் கிடைக்காது.